பேரிளம்பெண்ணுக்குப் பிறகு: தமிழ் எழுத்திலும் திரையிலும் நடுவயதுப் பெண்

இந்த ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுச் சங்கச் செயலர் தொலைபேசியில் அழைத்தபோது, "கம்பன், வள்ளுவர் எல்லாம் மத்தவங்க எழுதறாங்க. நீங்க பெண்களைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுத்துடுங்கம்மா" என்றார். சரி என்று சொல்லிவிட்டு, வீட்டில் அடுக்கி வைத்திருக்கும் பழைய மலர்களை எடுத்துப் புரட்டினேன். கண்ணகி இருக்கிறாள், மாதவி இருக்கிறாள், ஆண்டாள் இரண்டு மூன்று முறை வந்துவிட்டாள். பாரதியின் புதுமைப்பெண் ஏறக்குறைய ஒவ்வொரு மலரிலும் உண்டு. தாய்மையின் சிறப்புக்கும் குறைவில்லை. ஆனால் விடியற்காலை நாலரைக்கு எழுந்து, எல்லோருக்கும் டப்பா கட்டிக் கொடுத்து, லோக்கல் ட்ரெயினில் தொங்கிக்கொண்டு வேலைக்குப் போய், திரும்பும்போது லேடீஸ் கம்பார்ட்மென்டில் உட்கார இடம் கிடைத்தால் மறுநாளைக்குக் கீரை ஆய்ந்துகொண்டே வருகிற 48 வயதுக்காரியை அந்தப் பக்கங்களில் காணவில்லை. மலரைப் படிப்பவர்களில் பாதிப் பேர் அவள்தானே?

நாங்கள் எட்டு, ஒன்பது பெண்கள் மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்காவில் ஒரு மாமி வீட்டில் கூடுகிறோம். வாசகர் வட்டம் என்று பெயர். படிப்பது அரை மணி நேரம், பேசுவது இரண்டு மணி நேரம். முழங்கால் வலி, தைராய்டு மாத்திரை, பையனின் பன்னிரண்டாம் வகுப்பு, ஊரில் தனியாக இருக்கும் அப்பா, நேற்றைய சீரியல் என்று பேச்சு எங்கெங்கோ போகும். சென்ற வருடம் ஒரு கூட்டத்துக்கு டோம்பிவிலித் தோழி வரவில்லை. அடுத்த மாதம் வெளிறிப்போன முகத்தோடு வந்து சொன்னாள்:

"எட்டு மாசமா நிக்காம கொட்டுச்சுக்கா. ஊருக்கு போன் பண்ணி அம்மாகிட்ட சொன்னேன். நிக்கப்போற நேரம்டி, அப்படித்தான் இருக்கும், எனக்கும் இருந்துச்சுன்னாங்க. ஆபீஸ்ல கூட இருக்கறவளும் அதையேதான் சொன்னா. கடைசியில தாதர் மேம்பாலப் படியில தலை சுத்தி விழுந்துட்டேன்."

பரிசோதித்தபோது ரத்தத்தில் ஹீமோகுளோபின் 6.4. பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டியது. கர்ப்பப்பையில் ஃபைப்ராய்டு கட்டி. சிகிச்சை எடுத்து இப்போது நன்றாக இருக்கிறாள். அன்று அவள் சொன்ன இன்னொரு வார்த்தைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். "நாம இத்தனை கதை படிக்கிறோமேக்கா, இதைப் பத்தி ஒருத்தரும் எழுதி நான் படிச்சதில்ல. படிச்சிருந்தா கொஞ்சம் பயந்திருப்பேன். முன்னாடியே டாக்டர்கிட்ட போயிருப்பேன்."

நம் எழுத்திலும் திரையிலும் நடுவயதுப் பெண்ணுக்கு என்ன இடம் இருக்கிறது என்று அன்றிலிருந்து தேடிப் பார்க்கிறேன். தேடலில் கிடைத்ததை உங்கள் முன் வைக்கிறேன்.

நாற்பதோடு நின்றுபோன கணக்கு

பெண்ணின் பருவங்களை ஏழாகப் பிரித்தது நம் மரபு என்பது பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான். பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண். பாட்டியல் நூல்கள் வயதுக் கணக்கில் ஒன்றுக்கொன்று சற்று வேறுபடும். பரவலாக வழங்கும் கணக்குப்படி பேதைக்கு 5 முதல் 7, தெரிவைக்கு 26 முதல் 31, பேரிளம்பெண்ணுக்கு 32 முதல் 40. அத்தோடு கணக்கு முடிந்தது. 41-ஆம் வயதுக்காரிக்குப் பெயர் கிடையாது.

ஆணுக்கும் இப்படிப் பருவப் பெயர்கள் உண்டு. அந்த வரிசையில் விடலைக்கு 30 வயது வரை. அதற்கு மேல் முதுமகன். முதுமகனுக்கு மேல் எல்லை ஏதும் போடவில்லை. எத்தனை வயது வாழ்ந்தாலும் அவனுக்கு அந்தப் பெயர் நிற்கும். பெண்ணுக்கு மட்டும் ஏன் நாற்பதில் கோடு கிழித்தார்கள்? பதில் உலா இலக்கியத்தில் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தர் பாடிய மூவருலாவில் சோழ மன்னன் வீதியில் பவனி வருகிறான். ஏழு பருவத்துப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குகிறார்கள். மன்னன் மீது காதல் கொள்ளத் தகுந்த வயது எது என்பதுதான் அங்கே அளவுகோல். அந்த அளவுகோலுக்கு வெளியே போனவளுக்குப் பெயர் வைக்க அவசியம் ஏற்படவில்லை.

பழம்புலவர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. அவர்கள் காலத்தில் மனிதர்களின் ஆயுளே குறைவு. ஆனால் இந்தக் கோடு நம் காலம் வரைக்கும் நீண்டு வந்திருக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது.

இன்னொன்றும் உண்டு. மரபில் நாம் கொண்டாடும் இரண்டு பெரிய பெண்களை எடுத்துக்கொள்வோம். ஔவையார் திருமணத்தைத் தவிர்க்க விநாயகரை வேண்டி, இளமையிலேயே கிழவியானார் என்பது செவிவழிக் கதை. 1953-இல் வந்த ஔவையார் படத்தில் கே.பி. சுந்தராம்பாளைப் பார்த்த தலைமுறைக்கு ஔவை என்றாலே நரைத்த தலைதான். காரைக்கால் அம்மையாரோ கணவன் பிரிந்து வேறொரு பெண்ணை மணந்தது தெரிந்ததும், தசையை உதிர்த்துப் பேயுருவை வேண்டிப் பெற்றார் என்கிறது பெரியபுராணம். இரண்டு கதைகளிலும் பெண் இளமையிலிருந்து ஒரே தாவலில் அப்பால் போய்விடுகிறாள். நடுவில் உள்ள 20, 25 வருடங்களை யாரும் வாழ்ந்து காட்டவில்லை. நாம்தான் அதை நாள் நாளாக வாழ்ந்தாக வேண்டியிருக்கிறது.

மனைவியாக வந்தவர் அம்மாவாகிறார்

திரைப்படத்துக்கு வருவோம். 1975-இல் கே. பாலசந்தரின் அபூர்வ ராகங்கள் வந்தபோது ஸ்ரீவித்யாவுக்கு வயது 22. வயதுக்கு வந்த மகளின் தாயாக அதில் நடித்தார். அவரைப் பிரிந்துபோன கணவராக வந்தவர் ரஜினிகாந்த்; அவருக்கு அதுதான் முதல் படம். 16 வருடம் கழித்து 1991-இல் தளபதி வந்தது. அதில் அதே ரஜினிகாந்துக்கு அம்மா ஸ்ரீவித்யா! நிஜத்தில் ரஜினிகாந்த் 1950-இல் பிறந்தவர், ஸ்ரீவித்யா 1953-இல். சுஜாதாவுக்கும் இதே கதிதான். 1977-இல் அவர்கள் படத்தில் ரஜினிகாந்தின் மனைவியாக நடித்தவர், 2002-இல் பாபா படத்தில் அவருக்குத் தாய்.

இரண்டு பேருமே அருமையான நடிகைகள். கொடுத்த வேடத்தை மறக்க முடியாதபடி செய்தார்கள். நான் கேட்பது வேறு. 40 வயதில் நடிகருக்கு டூயட்டும் சண்டைக் காட்சியும் காத்திருக்க, அதே வயதில் நடிகைக்குப் பூஜை அறையும் விம்மலும் மட்டுமே எழுதப்பட்டது ஏன்? உலாவில் இருந்த அதே கோடுதான். காதலுக்கு உரியவள் இல்லை என்றால் அம்மா. அவளுக்கென்று ஓர் ஆசை, ஓர் உடம்பு, ஒரு கோபம் இருக்கலாம் என்பதற்குத் திரைக்கதையில் இடமில்லை.

சமீப காலத்தில் நிலைமை மாறவில்லையா என்று கேட்கலாம். மாறியிருக்கிறது. 2012-இல் ஸ்ரீதேவி நடித்த இங்கிலிஷ் விங்கிலிஷ், 2015-இல் ஜோதிகா நடித்த 36 வயதினிலே, 2017-இல் ஊர்வசி, பானுப்ரியா, சரண்யா பொன்வண்ணன் மூவரும் ஜோதிகாவோடு நடித்த மகளிர் மட்டும். எங்கள் வட்டத்தில் இந்த மூன்று படங்களையும் பார்க்காதவர் யாருமில்லை. 36 வயதினிலே பார்த்துவிட்டு செம்பூர் அக்கா மாடியில் வெண்டைச்செடி வைத்தார். சொசைட்டி செக்ரட்டரி வந்து தண்ணீர் ஒழுகுகிறது என்று புகார் சொன்னது தனிக்கதை.

இந்தப் படங்களின் மேல் எனக்கு மரியாதை உண்டு. என்றாலும் ஒரு குறையைச் சொல்லித்தான் ஆகவேண்டும். மதிப்பு வேண்டுமென்றால் பெண் எதையாவது சாதித்துக் காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இவற்றில் ஒளிந்திருக்கிறது. இங்கிலிஷ் விங்கிலிஷின் சசி ஆங்கிலத்தில் பேசிக் காட்டிய பிறகுதான் கணவன் தலைகுனிகிறான். அவள் செய்த லட்டுக்கு அதுவரை மதிப்பில்லை. 36 வயதினிலேயின் வசந்தி குடியரசுத் தலைவர் முன் மயங்கி விழுகிறாள், ஊரே சிரிக்கிறது. இயற்கை விவசாயத்தில் பெயர் வாங்கிய பிறகு மரியாதை திரும்புகிறது. அவள் மயங்கி விழுந்தாளே, ஏன் விழுந்தாள்? பயத்தில் என்று படம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறது. வீட்டு வேலை, அரசு வேலை இரண்டையும் இழுத்துக்கொண்டு ஓடும் பெண்ணுக்கு ரத்தம் பரிசோதித்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. கதாசிரியருக்கும் தோன்றவில்லை, பார்த்துக்கொண்டிருந்த எங்களுக்கும் அன்றைக்குத் தோன்றவில்லை. தாதர் படியில் ஒருத்தி விழுந்த பிறகுதான் தோன்றுகிறது.

மகளிர் மட்டும் படத்தில் மூன்று பள்ளித்தோழிகள் பல வருடங்களுக்குப் பிறகு சந்திக்கிறார்கள். அவர்கள் ஒன்றாகச் சிரிக்கும் காட்சிகள் தமிழ்த் திரைக்குப் புதிது. அதிலும் அவர்களை வண்டியில் ஏற்றி அழைத்துப் போக ஒரு இளம்பெண் தேவைப்படுகிறாள். தாங்களாகவே கிளம்பியிருக்க மாட்டார்களா?

2021-இல் வந்த மலையாளப் படம் தி கிரேட் இந்தியன் கிச்சன் பற்றி எங்கள் வட்டத்தில் பெரிய சண்டையே நடந்தது. 2023-இல் அதைத் தமிழிலும் எடுத்தார்கள். இளம் மருமகள் சமையலறைக் கொடுமை பொறுக்காமல் வெளியேறுகிறாள். இளையவர்களுக்கு அது பிடித்தது. மாட்டுங்கா மாமி மட்டும் கேட்டார்: "அந்த மாமியார்க்காரி என்ன ஆனா? முப்பது வருஷமா அதே அடுப்புல வெந்தவ. பொண்ணோட பிரசவத்துக்குன்னு கிளம்பிப் போறா, அங்கேயும் சமையல்தானே? அவளைப் பத்தி யாருமே பேசலையே!" மாமியின் கேள்வி நியாயமானது. வெளியேற முடிந்தவளைப் பற்றிப் படம் எடுப்பது எளிது. வெளியேற வயதும் வசதியும் இல்லாதவள் காரில் ஏறி, கதையிலிருந்தே போய்விடுகிறாள்.

சின்னத்திரை

சீரியலைக் கேலி செய்வது படித்தவர்களின் வழக்கம். நான் அப்படிச் செய்யப்போவதில்லை. 1999-இல் தொடங்கிய சித்தி, 2003 முதல் 2009 வரை ஓடிய கோலங்கள் போன்ற தொடர்கள் நம் ஊர் விட்டு வந்த குடும்பங்களுக்குத் தமிழ் கேட்கும் சாளரமாக இருந்தன. சினிமா ஓரத்தில் தள்ளிய பெண்ணைச் சின்னத்திரைதான் நடுவில் உட்கார வைத்தது. கோலங்களை இயக்கிய திருச்செல்வமே 2022-இல் எதிர்நீச்சல் தொடரைத் தொடங்கினார். ஆதிக்கம் செய்யும் ஒரு ஆணின் வீட்டில் மருமகள்கள் ஒருவருக்கொருவர் துணையாக நிற்பதை அது காட்டியது. மாமியாரும் மருமகளும் எதிரிகள் என்ற பழைய பாட்டிலிருந்து அது ஒரு நல்ல விலகல்.

ஆனால் சீரியல் பெண்ணுக்கு உடம்பு என்று ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. பட்டுப்புடவையோடு தூங்குகிறாள், லிப்ஸ்டிக்கோடு எழுகிறாள். கர்ப்பம் உண்டு, விபத்து உண்டு, கோமா உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வியர்த்துக் கொட்டி எழுந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருத்தியை ஒரு எபிசோடிலும் நான் பார்த்ததில்லை.

எழுத்தாளர்கள் கண்டது

அப்படியானால் யாரும் பார்க்கவே இல்லையா? பார்த்திருக்கிறார்கள். மும்பையில் நம்மிடையே வாழும் அம்பையைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 2021-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். பெண்களின் வாழ்வை ஆவணப்படுத்த 1988-இல் ஸ்பாரோ அமைப்பை இங்கே தொடங்கியவர்.

அதே 1988-இல் வந்த வீட்டின் மூலையில் ஒரு சமையலறை தொகுப்பின் தலைப்புக் கதை அஜ்மீரில் ஒரு கூட்டுக்குடும்பத்தில் நடக்கிறது. இருண்ட சமையலறை. சன்னலுக்கு வெளியே பச்சை மலை. தென்னிந்திய மருமகள் மீனாட்சி, தாழ்வாரத்தைக் கொஞ்சம் அகலப்படுத்தினால் மலையைப் பார்த்துக்கொண்டே வேலை செய்யலாமே என்கிறாள். அதற்குப் பதில் போல, அங்கே துணி உலர்த்தக் கொடி கட்டப்படுகிறது. மலை மறைந்துபோகிறது. ஆனால் இந்தக் கதையை நான் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் மீனாட்சியைவிட மாமியார் ஜீஜியைத்தான் கவனிக்கிறேன். அந்த இருட்டறைதான் அவளுடைய அரசாட்சி. வேறு எதுவும் அவளுக்குத் தரப்படவில்லை. கடைசியில் நோயுற்றுக் கிடக்கும் அவளிடம் மீனாட்சி, சமையலறை இல்லாத ஒரு வாழ்க்கையைப் பற்றிப் பேசுகிறாள். மாட்டுங்கா மாமி கேட்ட கேள்விக்கு அம்பை பல வருடங்களுக்கு முன்பே இந்தக் கதையில் பதில் தேடியிருக்கிறார்.

காட்டில் ஒரு மான் கதையில் வரும் தங்கம் அத்தை பூப்பெய்தாதவள். உடம்பில் ஏதோ குறை என்று வீடு முழுக்கத் தீர்மானித்துவிட்டது. கணவர் இன்னொருத்தியை மணக்கிறார். அத்தை குழந்தைகளுக்குக் கதை சொல்கிறாள்: வழிதவறி வேறொரு காட்டுக்கு வந்துவிட்ட மான், மிரண்டு அலைந்து, மெல்ல அந்தக் காட்டைத் தன் காடாக அறிந்துகொள்கிறது. மாதவிடாய் நின்றுபோகும் வயதில் இந்தக் கதையைப் படித்துப் பாருங்கள். உங்கள் உடம்பே திடீரென்று அந்நியக் காடாகிவிட்டதாகத் தோன்றும் வயது அது. அந்தக் காட்டோடு பழகிக்கொள்ள முடியும் என்று இத்தனை கனிவாகச் சொன்ன வேறொரு கதை எனக்குத் தெரியாது. அதில் யாரும் பரிசு வாங்கவில்லை, மேடை ஏறவில்லை.

1994-இல் வந்த பாமாவின் சங்கதி நம்மைப் போன்ற ஃப்ளாட்வாசிகளின் பார்வையைத் திருத்துகிறது. காட்டிலும் மேட்டிலும் உழைக்கும் தலித் பெண்களுக்கு நடுவயது என்ற தனிப் பருவமே கிடையாது. நடக்க முடிகிற வரை வேலை. இதைப் படித்த அன்று, தாராவியிலிருந்து எங்கள் கட்டடத்துக்கு வேலைக்கு வரும் திருநெல்வேலி அம்மாவின் வயதை முதல்முறையாகக் கேட்டேன். என் வயதுதான். அவர் மூன்று வீட்டுப் பாத்திரம் தேய்த்த பிறகு என் வீட்டுக்கு வருகிறார். முழங்கால் வலிக்கு நான் எக்ஸ்ரே எடுத்திருந்தேன். அவர் பாம் தடவிக்கொண்டிருந்தார்.

சொல் இல்லாததன் விலை

"இலக்கியக் கட்டுரையில் வைத்தியம் எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். மரபில் விடுபட்ட பெண் புள்ளிவிவரத்திலும் விடுபடுகிறாள் என்பதால்தான். நம் நாட்டின் தேசியக் குடும்பநல ஆய்வு பெண்களிடம் விரிவாகக் கேள்வி கேட்பது 15 முதல் 49 வயது வரைதான். 2019-21 ஆய்வின்படி அந்த வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. 50 வயதுக்காரியின் நிலை என்ன? பிள்ளை பெறும் வயது முடிந்ததும் அந்தக் கேள்விகள் அவளிடம் வருவதில்லை. பாட்டியல் 40-இல் கிழித்த கோட்டை நாம் 9 வருடம் தள்ளிப் போட்டிருக்கிறோம், அவ்வளவுதான்.

இந்தியப் பெண்களுக்கு மாதவிடாய் முற்றிலும் நிற்பது சராசரியாக 46, 47 வயதில். அதற்கு முன் சில வருடங்கள் முன்பின்னாக வருவது இயல்பு. ஆனால் கட்டி கட்டியாக, ஒரு வாரத்துக்கு மேலும் நிற்காமல் கொட்டுவது வயதின் இயல்பு என்று விட்டுவிடக் கூடியதல்ல. 12 மாதம் நின்றுபோன பிறகு ஒரு துளி பட்டாலும் மருத்துவரிடம் காட்டியே ஆகவேண்டும். எலும்பு தேய்வதும் இதயநோய் அபாயம் கூடுவதும் இந்த வயதில்தான். இதையெல்லாம் நம் அம்மாக்கள் அறிந்திருக்க வழியில்லை. "வீட்டுக்குத் தூரம்" என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். தூரம் முடிந்த பிறகு எங்கே வந்து சேர்கிறோம் என்பதற்குச் சொல் வைத்திருக்கவில்லை.

நாம் வாழும் மகாராஷ்டிரத்திலேயே இதன் மறுபக்கத்தைக் காணலாம். பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகும் பெண்கள் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் அபராதம். மாதவிடாய் நாட்கள் நஷ்டம். பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி கர்ப்பப்பை எதற்கு என்று அகற்றிக்கொண்டவர்கள் ஏராளம். 2019-இல் மாநில அரசு அமைத்த குழு 82,000-க்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்ததில் 13,000-க்கும் மேற்பட்டோர் அந்த அறுவை சிகிச்சை செய்துகொண்டிருந்தது தெரியவந்தது. பலர் இளவயதினர். டோம்பிவிலியில் "இந்த வயசுல அப்படித்தான்" என்று சொல்லி வைத்தியத்தைத் தள்ளிப் போட்டார்கள். பீடில் "இனிமே எதுக்கு" என்று சொல்லி அறுத்துப் போட்டார்கள். இரண்டு இடத்திலும் பெண் உடம்பு பிள்ளை பெறுவதற்கு மட்டுமே என்ற எண்ணம்தான் அடியில் இருக்கிறது.

2019-இல் மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடம், ஆண்கள் 97 நிமிடம். ஏறக்குறைய 5 மணி நேரம் கூலியில்லா வேலை செய்பவளிடம், "உனக்கென்று ஒரு சாதனை செய்து காட்டு" என்று சினிமா சொல்வது அவள் தலையில் இன்னொரு குடத்தை ஏற்றுவதாகும். அவளுக்கு முதலில் வேண்டியது ஒரு ரத்தப் பரிசோதனை, ஒரு மதியத் தூக்கம், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஓர் ஆள்.

பேரிளம்பெண் என்ற சொல்லைப் பத்திரிகைகளில் கிண்டலாகவே பயன்படுத்தி வந்திருக்கிறோம். யோசித்துப் பார்த்தால் அழகான சொல்தான். நாற்பதில் கட்டிய வேலியை எடுத்துவிட்டு அதை அறுபது வரைக்கும் நீட்டிக்கொள்ளலாம் என்று எங்கள் வட்டத்தில் பேசிக்கொண்டோம். அடுத்த மலருக்கு எழுதப்போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கண்ணகியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே உங்கள் வீட்டில், அடுத்த அறையில் இருக்கும் 48 வயதுக்காரியைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதுங்கள். எழுதுவதற்கு முன் அவளிடம் போய், "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள். உடனே எழுந்து போய்விடாமல், இன்னும் ஐந்து நிமிடம் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.